தமிழில் இருதயத்தை விளக்கிய வைத்தியர் கிறீன்

மனித உடம்பிலே ஓய்வறியாது உழைக்கும் உறுப்பு யாது என வினவின், இருதயமே என யாவரும் விடை பகர்வர். அவ்விடை முற்றும் பொருந்துவதன்று. ஒருமுறை சுருங்கிய இருதயம் மறுமுறை சுருங்குமுன் இளைப்பாறுகின்றது. இளைப்பாறும் அவ்வேளையிலேதான் அது குருதியால் நிரம்புகின்றது. நிரம்பாத இருதயம் எத்துணை வலிந்து சுருங்கினும், உடம்புக்கு வழங்குதற்கு அதனிடத்து ஒன்றும் இராது. நிரம்புதலின்றிச் செலுத்துதல் இல்லை என்னும் இவ்வுண்மையை இன்று எம் மாத்தளைப் பாடசாலைகளிலே பயிலும் சிறுவர் சிறுமியர் தம் தாய்மொழியிலேயே கற்கின்றனர். அதனை ஓர் அருஞ்செயலாக எவரும் கருதுவதில்லை.

ஆயினும் தமிழிலே இவ்வறிவைக் கற்பித்தல் இயலுமா என்னும் வினா ஒரு காலத்தில் எழுந்ததுண்டு. அவ்வினாவுக்கு வாதத்தாலன்றித் தம் வாழ்நாள் முழுவதும் செய்த தொண்டினால் விடையளித்தவர் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பார். அவர் தமிழரல்லர், சைவருமல்லர், தம் சமயத்தைப் பரப்பும் நோக்குடன் கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்த அமெரிக்கப் பாதிரி வைத்தியர். இந்துக் கல்லூரியொன்றின் விழா மலரிலே அவருக்கு இடம் யாது என ஐயுறுவார்க்கு, செய்ந்நன்றி மறவாமை எம் சமயத்தார்க்கும் விதித்த அறமே என்பதன்றி வேறு விடை கூறவேண்டுவதில்லை. விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்றுப் பயன்கொண்ட நாம் அவர் வரலாற்றை அறிந்திருத்தல் கடன்.

பிறப்பும் கல்வியும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலே வூஸ்ரர் என்னும் ஊரிலுள்ள கிறீன் ஹில் என்னும் குடும்ப மனையில் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆந் தேதி கிறீன் பிறந்தார். அவருக்கு மூத்தவரான அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன் பிற்காலத்தில் நியூயோர்க் மாநகரின் அமைப்பிலே பெரும்பங்கு கொண்டு புகழெய்தினார். தமையனார் உலகம் வியக்கும் நகரொன்றை விரிவாக்கத் தம்பியார் உலகம் அதிகம் அறியாத மானிப்பாய்க் கிராமத்திலே தம் வலிமையை எல்லாம் செலவிட்டார்.

நியூயோர்க்கிலுள்ள வைத்தியர், சத்திரவைத்தியர் கல்லூரியிலே பயின்று 1845ஆம் ஆண்டில் வைத்தியப் பட்டம் பெற்றார். செல்வமும் செல்வாக்கும் தரத்தக்க தொழில் கைவந்திருந்தும், அமெரிக்க மிஷனைச் சார்ந்து இலங்கைக்குச் செல்லத் துணிந்தார். 1847ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது அவர்க்கு வயது ஏறக்குறைய இருபத்தைந்து.

அவருக்கு முன்னரே அமெரிக்க வைத்தியர் அங்கு வந்ததுண்டு. 1820ஆம் ஆண்டளவிலே பண்டத்தரிப்பில் ஜோன் ஸ்கடர் என்பார் வைத்தியத் தொண்டு தொடங்கியிருந்தார். ஆயின் நோயாளருக்கு மருந்து கொடுப்பதோடு அமையாது, அந்நாட்டு இளைஞரையே மேனாட்டு வைத்தியராக்கி விட்டாலன்றி இப்பணி நிலைபெறாது எனக் கண்டு அதற்கென ஒரு முறையை வகுத்தமையே கிறீனின் தனிச்சிறப்பு.

மானிப்பாயில்

முதலில் வட்டுக்கோட்டையிலும் பின்னர் மானிப்பாயிலும் தங்கிய கிறீன், 1848ஆம் ஆண்டிலே ஒருசில மாணவரைக் கொண்டு வைத்திய வகுப்பொன்றைத் தொடங்கினார். இலங்கை அரசினர் கொழும்பிலே வைத்தியப் பாடசாலை நிறுவியது 1870ஆம் ஆண்டில். அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு யாழ்ப்பாணக் கிராமத்தில் உடலமைப்பும் சத்திரவைத்தியமும் கற்பிக்கப்பட்டன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அதே 1848ஆம் ஆண்டிலே, மானிப்பாய்க்கு அணித்தாய வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவர் நல்லூர் ஆறுமுக நாவலர். நாவலர் பிறந்த ஆண்டும் 1822 ஆகும். ஒரே ஆண்டிற் பிறந்த இருவர், ஒரே ஆண்டிலே, சில கல் தொலைவுக்குள், வெவ்வேறு சமயக் கொள்கையினராய்க் கல்விப்பணி தொடங்கினர். ஒருவர் கொள்கையை மற்றவர் ஏற்றாரல்லர். ஆயினும் தமிழ் உரைநடையை அச்சில் ஏற்றிப் பாடநூல்கள் ஆக்கினாலன்றி மக்கள் அறிவு பெறார் என்பதிலே இருவரும் ஒரு நெறியினரே. நாவலர் பாலபாடங்கள் எழுதினார். கிறீன் அங்காதிபாதம் எழுதினார்.

அங்காதிபாதம் என்பது உடலமைப்பு நூல். கல்வின் கற்றர் என்னும் அமெரிக்க வைத்தியர் பாடசாலை மாணவர்க்கென ஆக்கிய நூலொன்றை 1850களிலே கிறீன் தமிழாக்கினார். அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம் என மூன்று துறை அந்நூலில் அடங்கின. இக்காலத்து மாணவர்க்கு விளங்கச் சொன்னால், முறையே உடலமைப்பு, உடற்றொழில், சுகாதாரம் என்பனவாம். இருதயம் எவ்வாறு அமைந்துள்ளது, எங்ஙனம் தொழிற்படுகின்றது என்பன மேனாட்டு நூன்முறைப்படி தமிழ்ப் பாடமாக வந்தமை இத்தகைய நூல்களினாலேயாம்.

நாடியும் குருதியோட்டமும்

அக்காலத்துத் தமிழர்க்கு இருதயத் துடிப்பு அறியாப் பொருளன்று. மணிக்கட்டிலே மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், சிலேற்பனம் எனப் பகுத்து நாடி பார்க்கும் வைத்தியர் ஊர்தோறும் இருந்தனர். நாடியின் விரைவு, மெலிவு, அழுத்தம் ஆகியவற்றை நுண்ணிதின் உணரும் விரற்பயிற்சி அவர்களுக்கு வழிவழி வந்த செல்வம். அவர்கள் உணர்ந்தது மெய். அத்துடிப்பு எங்கிருந்து எழுகின்றது, அதன்பின் நிற்கும் பொறி யாது என்பதே புதிய கல்வி கூட்டிய விளக்கம்.

மேனாட்டிலும் இவ்விளக்கம் எளிதில் வந்ததன்று. உண்ட உணவினின்றும் ஈரலிலே குருதி இடையறாது புதிதாய் உண்டாகி, உறுப்புக்களிற் சென்று செலவழிந்து போகின்றது என்று ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக அங்குள்ளோர் நம்பியிருந்தனர். 13ஆம் நூற்றாண்டிலே இபுனு நபீஸ் என்னும் அராபிய வைத்தியர் குருதி இருதயத்தின் வலப்பக்கத்தினின்றும் சுவாசப்பை வழியாகவே இடப்பக்கத்தை அடைகின்றது எனக் கண்டார். 1628ஆம் ஆண்டிலே ஆங்கிலேயரான வில்லியம் ஹாவி குருதியோட்டம் முழுவதையும் நிறுவினார்.

ஹாவி மேற்கொண்ட வழி அளவைக் கணக்கேயாகும். அக்கணக்கை இக்காலத்து அளவுகளைக் கொண்டு நாமே செய்து பார்க்கலாம். ஒரு துடிப்பில் இருதயம் வெளிச்செலுத்தும் குருதி ஏறக்குறைய 70 மில்லிலீற்றர். நிமிடத்துக்கு 70 முதல் 75 துடிப்பு எனக் கொண்டால், நிமிடமொன்றில் ஐந்து லீற்றரளவு வெளியேறும். ஒரு மணி நேரத்தில் 300 லீற்றர் ஆகும். வளர்ந்த ஒருவன் உடம்பிலுள்ள குருதி முழுவதுமே ஐந்து லீற்றர் அளவினது. மணிக்கு 300 லீற்றர் குருதியை எந்த உணவினின்றும் உண்டாக்க இயலாது. ஆதலால் சென்ற குருதியே திரும்பி வருதல் வேண்டும். இவ்வளவே வாதம், எனினும் பன்னூற்றாண்டுக் கொள்கையை அது வீழ்த்தியது. நாடிகளினின்றும் நாளங்களுக்குக் குருதி செல்லும் நுண்வழியை ஹாவி கண்ணாற் காணவில்லை. அவர் மறைந்து நான்கு ஆண்டுகளின் பின், 1661இல், இத்தாலியரான மல்பீகி நுணுக்குக்காட்டி வழியாக மயிர்க்குழாய்களைக் கண்டு அக்குறையைத் தீர்த்தார்.

நிரம்புதலும் செலுத்துதலும்

இனி, கிறீன் தம் மாணவர்க்குக் கற்பித்த துறையின் உள்ளுறையை இன்றைய அறிவோடு சேர்த்து ஈண்டுச் சுருங்கக் கூறுதும்.

இருதயம் அவரவர் கைமுட்டி அளவினது. நெஞ்சறையின் நடுவே சற்று இடப்பால் சாய்ந்து கிடப்பது. அதன் மேற்பாலுள்ள இரண்டு அறைகள் சோணையறைகள். கீழ்ப்பாலுள்ள இரண்டும் இதயவறைகள். உடம்பெங்கும் சென்று மீண்ட குருதி பெருநாளங்கள் வழியாக வலச்சோணையறையை அடைந்து, வல இதயவறையிற் புகுந்து, சுவாசப்பைக்குச் செலுத்தப்படுகின்றது. அங்கே பிராணவாயுவை ஏற்ற குருதி இடச்சோணையறைக்கு வந்து, இட இதயவறையிற் புகுந்து, பெருநாடி வழியே உடம்பெங்கும் செல்கின்றது. உடம்பு முழுவதற்கும் செலுத்த வேண்டியிருத்தலின் இட இதயவறையின் சுவர் வலப்பக்கத்ததிலும் மிகத் தடித்தது.

குருதி பின்வாங்காது காப்பவை வால்வுகள். கொல்லன் உலைத் துருத்தியைக் கண்டோர்க்கு இது விளங்கும். துருத்தி விரியும்போது தோன்மூடி திறந்து காற்று உட்புகும். அமுக்கும்போது அம்மூடி தானே அடைத்துக்கொள்ள, காற்று மூக்கு வழியே உலைக்குச் செல்லும். மூடியைத் திறப்பாரும் அடைப்பாரும் வேறிலர். காற்றின் அமுக்கமே அதனைச் செய்கின்றது. இருதய வால்வுகளின் செய்கையும் இத்தகையதே. சோணையறைக்கும் இதயவறைக்கும் இடையிலுள்ள வால்வுகள் மேனோக்கிப் புரண்டுவிடாதபடி மெல்லிய நாண்களும் தசைமுளைகளும் அவற்றைக் கீழிருந்து பற்றிக்கொண்டுள்ளன. இவ்வால்வுகள் அடையும்போது எழுவது இருதயத்தின் முதல் ஒலி. குருதி வெளிச்சென்றபின் பெருநாடி, சுவாசப்பைநாடி ஆகியவற்றின் வாயிலிலுள்ள வால்வுகள் அடையும்போது எழுவது இரண்டாம் ஒலி.

நிமிடத்துக்கு 75 முறை துடிக்கும் இருதயத்தில் ஒரு துடிப்பின் முழுக்காலம் 0.8 செக்கன். இதில் இதயவறைகள் சுருங்கிநிற்பது ஏறக்குறைய 0.3 செக்கன், தளர்ந்திருப்பது 0.5 செக்கன். நாளொன்றுக்குக் கணக்கிடின், இதயவறைகள் ஒன்பது மணி நேரம் உழைத்துப் பதினைந்து மணி நேரம் இளைப்பாறுகின்றன எனலாம். அவ்விளைப்பாறுதலும் வீணன்று. தளர்ந்த இதயவறைக்குள் வால்வு திறந்து குருதி தானாகவே பாய்ந்து, நிரம்ப வேண்டியதில் முக்காற் பங்களவு நிரம்பிவிடுகின்றது. எஞ்சியதையே சோணையறை இறுதியிற் சுருங்கி உள்ளே தள்ளுகின்றது. இதயவறைத் தசைக்கு உணவூட்டும் முடியுருநாடிகளிலும், சிறப்பாக இடப்பக்கத்தில், குருதி மிகுதியாகப் பாய்வது இத்தளர்வு வேளையிலேயாம்.

யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் அக்காலத்திலே துலாமிதித்து நீரிறைத்தவர்கள் இதன் நயத்தை நன்குணர்வர். பட்டை கிணற்றுநீரில் அமிழ்ந்து நிறையுமளவும் பொறுத்தே மேலே வலித்தல் வேண்டும். அவசரப்பட்டு வலிப்பவனுக்கு அரைப்பட்டை நீரே வரும். இருதயம் அளவுக்கு மிஞ்சி விரைந்து துடிக்கும்போது குறுகுவது சுருங்கும் காலத்தினும் மிகுதியாக நிரம்பும் காலமே. வாதக்காய்ச்சலின் விளைவாக வால்வு குறுகியவர்க்கும் இதுவே இடர்: செலுத்தும் தசை வலிமையுடையதாயிருந்தும் புகும் வழி நெருங்கிப்போகின்றது. கிறீன் மறைந்த பின்னர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, ஸ்ராலிங் என்னும் ஆங்கிலேயர் இதனை ஒரு விதியாகவே வகுத்தார். ஓர் எல்லைவரையிலே, இருதயம் எவ்வளவு நிரம்புகின்றதோ அவ்வளவுக்கு வலிமையாகச் சுருங்கி, வந்ததனைத்தையும் வழங்கிவிடுகின்றது என்பதே அவ்விதி.

வடபாதையும் எம் மாத்தளையும்

கிறீன் மானிப்பாயிலிருந்த காலம் எம் மாத்தளை வரலாற்றிலே மறக்கலாகாத காலம். அது கோப்பிக் காலம். தமிழ்நாட்டினின்றும் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய ஏழைத் தொழிலாளர் காட்டு வழியே கால்நடையாய்த் தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளையை வந்தடைந்தனர். மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது 1880இல். தலைமன்னாருக்குச் சென்றது 1914இல். அதற்கு முந்திய தலைமுறையினர்க்குக் காலே வண்டி. பசியாலும் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் அவ்வழியில் மாண்டோர் பலர். எம் மாவட்டத்துத் தோட்டக் குடும்பங்கள் பலவற்றின் முன்னோர் அவ்வழியே வந்தவர்கள். வழியில் விடப்பட்டவர்கள் பெயரின்றிப் போயினர்.

வாந்திபேதி கொல்லும் விதத்தை மேலே கூறிய உண்மை கொண்டு நோக்குக. அந்நோய் இருதயத்தை நேரே தாக்குவதில்லை. குடலின் வழியே உடம்பின் நீரையும் உப்பையும் வாரி வெளியேற்றுகின்றது. குருதியின் அளவு குன்றுகின்றது. நாளங்களிலே திரும்பி வருவதற்குக் குருதி போதாமையால் இருதயம் நிரம்புவதில்லை. நிரம்பாமையை ஈடுசெய்ய அது விரைந்து விரைந்து துடிக்கின்றது. விரையுந்தோறும் நிரம்பும் காலமும் குறைகின்றது. மணிக்கட்டில் நாடி நூலிழை போல மெலிந்து, இறுதியில் விரலுக்கு எட்டாது மறைகின்றது. நல்ல இருதயம், நல்ல வால்வுகள். நிரம்புதற்கு மட்டும் ஒன்றுமில்லை.

கிறீன் காலத்து வைத்தியர் எவரிடமும் இந்நோய்க்கு உறுதியான மருந்து இருக்கவில்லை. 1832ஆம் ஆண்டிலேயே ஸ்கொத்லாந்து வைத்தியர் லற்றா என்பார் நாளத்தினுள் உப்புநீர் செலுத்திச் சிலரைப் பிழைப்பித்தும் அம்முறை அப்போது நிலைபெறவில்லை. 1968ஆம் ஆண்டிலே டாக்காவில் நடந்த ஆராய்ச்சிகளின் பின்னரே உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த நீரை வாயாற் பருகக் கொடுத்தே பெரும்பாலாரைக் காக்கலாம் என்பது உறுதியாயிற்று. இன்று எந்தத் தாயும் தன் வீட்டிலேயே கரைத்துக் கொடுக்கத்தக்க அந்த எளிய நீர், வெறுமையுற்ற இருதயத்தை நிரப்பும் மருந்தன்றி வேறன்று. ஆயின் தாய் அதனைக் கரைப்பதற்கு அவளுக்கு விளங்கும் மொழியிலே யாரேனும் சொல்லியிருத்தல் வேண்டும். வைத்திய அறிவு நூலகத்தில் இருந்தாற் போதாது, மக்கள் மொழியில் இருத்தல் வேண்டும் என்பதன் பொருள் இதுவே. கிறீன் தம் வாழ்நாளைச் செலவிட்டதும் இதற்காகவே.

தமிழே போதும் எனத் துணிந்தமை

ஓயா உழைப்பினால் உடல் நலிந்த கிறீன் 1857ஆம் ஆண்டிலே தாய்நாடு சென்றார். ஐந்து ஆண்டின் பின், 1862இல், மார்கிரெற் என்னும் அம்மையாரை மணந்து அவருடன் மானிப்பாய்க்கு மீண்டார். அதற்கு முன்பு வைத்திய வகுப்பிலே ஆங்கிலமே போதனாமொழி. மீண்டு வந்தபின் கிறீன் செய்த பெருமாற்றம், வைத்தியத்தை முழுவதும் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தமையாகும்.

இத்துணிவுக்குக் காரணம் இருந்தது. ஆங்கிலத்தில் வைத்தியம் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகத்தையும் நகர வாழ்வையும் நாடிச் செல்வது இயல்பாயிருந்தது. கிராமத்து மக்களோ பழையபடி வைத்தியரின்றி இருந்தனர். தமிழிற் கற்றவன் தமிழர் நடுவே தங்குவான். தான் அறிந்ததைத் தன் அயலவர்க்கும் எடுத்துச் சொல்வான் எனக் கிறீன் கருதினார். உத்தியோக நோக்கமுடைய மாணவர் சிலர்க்கு இம்மாற்றம் உவப்பளித்திராது என்பது எண்ணத்தக்கதே. ஆயினும் அவர் தம் கொள்கையினின்றும் பிறழவில்லை.

உடையிலும் நடையிலும்கூடத் தம் மாணவர் தமிழராகவே இருத்தல் வேண்டும் என்பது அவர் விருப்பம். மேனாட்டுச் சட்டையும் சப்பாத்தும் அணிந்து மேனாட்டார் போல உண்டு உறைவதை அவர் விரும்பினாரல்லர். கிறிஸ்தவராக்க வேண்டுமென்ற வேட்கை அவரிடத்து மிகுந்திருந்தது. அதனை மறைத்துக் கூறுதல் வரலாறாகாது. ஆயின் ஒருவன் சமயம் மாறினாலும் தன் நாட்டு மரபை இழத்தலாகாது என அவர் எண்ணினார். அவருடைய சமயநோக்கை ஏலாத நாமும் இந்த மதிப்பைப் போற்றாதிருத்தல் இயலாது.

தமிழிற் கற்பிக்க நூல் வேண்டும். நூலுக்குக் கலைச்சொல் வேண்டும். கிறீன் முதலிலே வழங்கும் சொற்களை நாடினார். அவை கிடையாவிடத்து வடமொழியை நாடினார். அதுவும் பொருந்தாவிடத்து ஆங்கில ஒலியையே தமிழெழுத்தில் வடித்தார். இரசாயன நூலுக்குக் கெமிஸ்தம் எனப் பெயரிட்டமை இக்கடைசி வகைக்கு எடுத்துக்காட்டு. டன்போத், சப்மன் முதலாய அவர் மாணவர் நூலாக்கத்தில் உடனுழைத்தனர். ஆகவே இத்தமிழ் தனியொருவர் ஆக்கியதன்று. ஆசிரியரும் மாணவரும் கூடிச் சமைத்தது.

பிரசவ வைத்தியம் முன்னரே 1857இல் வெளிவந்திருந்தது. சத்திரவைத்தியம் கூறும் இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் என்னும் இரண்டும் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும் வந்தன. இவற்றுள் மனுஷ அங்காதிபாதம் என்பது உலகப் புகழ்பெற்ற கிறேயின் உடலமைப்பு நூலின் தமிழாக்கம். மூலநூல் இலண்டனில் முதன்முதல் வெளிவந்தது 1858இல். பதினான்கே ஆண்டுகளில் அது தமிழ் பேசியது. இன்றும் புதிதாய் வரும் மேனாட்டு விஞ்ஞான நூல்களுள் இத்துணை விரைவில் தமிழ் பெறுவன எத்தனை என எண்ணின் நாம் நாணவேண்டியவராவோம்.

இறுதி நாட்கள்

1873ஆம் ஆண்டிலே கிறீன் ஈழத்தை விட்டுத் தாய்நாடு திரும்பினார். உடல் இடங்கொடாமையால் மீண்டும் வர இயலவில்லை. ஆயினும் வூஸ்ரரில் இருந்தபடியே தமிழ் வேலையைத் தொடர்ந்தார். யாழ்ப்பாணத்தினின்றும் கையெழுத்துப் படிகள் கடல் கடந்து செல்லும். அவர் பார்த்துத் திருத்தித் திருப்பி விடுப்பார். பனி பெய்யும் அமெரிக்க ஊரொன்றிலே, தம்மைச் சூழ்ந்தோர் எவர்க்கும் விளங்காத தமிழ் வரிகளை ஒரு முதியவர் திருத்திக்கொண்டிருந்த காட்சியை மாணவ நண்பர்கள் மனக்கண்ணிற் காண்பாராக. உடற்றொழிலை விரித்துரைக்கும் மனுஷ சுகரணம் என்னும் பெருநூல் 1883இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் 28ஆந் தேதி, தாம் பிறந்த ஊரிலேயே, தம் அறுபத்திரண்டாம் வயதில் அவர் காலமானார். தமிழர்க்கு வைத்தியத் தொண்டு புரிந்தவர் என்னும் குறிப்பே தம் கல்லறையிற் பொறிக்கப்படுதல் வேண்டும் என்பது அவர் விருப்பமாயிருந்தது, அவ்வாறே பொறிக்கப்பட்டது.

அவரிடம் வைத்தியம் பயின்றோர் அறுபதின்மருக்கு மேற்பட்டவர். அவருட் பாதிக்கு மேற்பட்டோர் தமிழிலேயே பயின்றவர். அவரும் அவர் குழுவினரும் ஆக்கிய தமிழ் வைத்திய நூல்கள் நாலாயிரம் பக்கங்களுக்குக் குறையா. மானிப்பாயிலே அவர் பெயர் தாங்கிய வைத்தியசாலை அவரை நினைவூட்டி நிற்கின்றது.

நாம் கொள்ளவேண்டியது

கிறீன் சென்றபின் தமிழ்வழி வைத்தியக் கல்வி நெடுநாள் நிலைக்கவில்லை. உத்தியோகமும் மதிப்பும் ஆங்கிலத்தின் வழியே வந்தமையால் மாணவரும் அவ்வழியே சென்றனர். அவர் நூல்கள் பழம்பொருளாயின. அங்காதிபாதமும் சுகரணமும் இன்று எவர் நாவிலும் இல்லை. உடலமைப்பியல், உடற்றொழிலியல் என்னும் சொற்கள் அவற்றின் இடத்தைப் பெற்றன. 1950களிலும் 1960களிலும் சுயமொழிக் கல்வி வந்தபோது அரசகரும மொழித் திணைக்களத்தார் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டனர். தமிழில் விஞ்ஞானம் கூறல் இயலுமா என அப்போது ஐயுற்றோர், அது ஒரு நூற்றாண்டின் முன்னரே இயன்றது என்பதை மறந்திருந்தனர் போலும்.

இதிலே எமக்கு ஒரு படிப்பினை உண்டு. எம் மாத்தளைக்கு அணித்தாய அலுவிகாரையிலே, செவிவழி காத்துவந்த திரிபிடகத்தை அழிவுக்கஞ்சி ஏட்டில் எழுதிவைத்தனர் என்பது வரலாறு. எழுதிவைத்தமையால் மட்டும் அது வாழவில்லை. தலைமுறை தலைமுறையாக ஓதி வந்தமையால் வாழ்ந்தது. கிறீனின் நூல்கள் எழுதப்பட்டன, ஓதுவார் இலராயினர். அங்ஙனம் நேர்ந்தது தமிழின் குறையன்று.

எம் பழைய மாணவருள் வைத்தியராயினோரும், தாதியராயினோரும், விஞ்ஞான ஆசிரியராயினோரும் உளர். இனி ஆகவிருக்கும் மாணவரும் உளர். பாடசாலையில் தமிழில் இருதயத்தைக் கற்றவர் பல்கலைக்கழகத்தில் அதனையே ஆங்கிலத்தில் மீண்டும் கற்கின்றனர். அதுவும் நன்றே, உலக அறிவுக்கு அம்மொழி வாயிலாகும். ஆயினும் தோட்டத்து மருந்தகத்திலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும் ஒரு முதியவருக்கு, அவர் இருதயம் ஏன் இளைக்கின்றது, எதனால் கால் வீங்குகின்றது, எந்த மருந்தை ஏன் விடாது உண்ணல் வேண்டும் என்று அவர் மொழியிலே விளங்கச் சொல்ல வல்லவரே கற்ற கல்வியின் பயனை முற்றும் அடைந்தவராவர். ஆங்கிலத்திற் பெற்றதைத் தமிழில் வழங்கும் ஆற்றல் தானாக வாராது, பயிலவேண்டும்.

தமிழரல்லாத ஒருவர் இருபத்தைந்து வயதின் பின்னரே எம்மொழியைக் கற்று, அதனைத் தம்முள் நிரப்பிக்கொண்டு, அதன்பின் இறக்கும்வரை அதிலேயே வழங்கினார். பிறந்தநாள் தொட்டு அம்மொழியால் நிரம்பப் பெற்ற நாம் வழங்குவது எவ்வளவு? இவ்விழா நாளிலே இவ்வினாவை எம்மனோர் ஒவ்வொருவரும் தம் நெஞ்சில் எழுப்பிப் பார்ப்பாராக. வாங்கியதைத் தன்னிடத்தே தேக்கிவைத்துக்கொள்ளும் இருதயம் நோயுற்ற இருதயமேயாகும்.